மொழிப் பகுதிகளின் நரம்பணுக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புரோக்கா பகுதியில் (மூளையின் முன்புறத்தில் பேச்சோடு தொடர்புடைய இடம்) மட்டுமே உள்ள 'மொழி நியூரான்' என்று ஒன்று உண்டா?

பதில்: இல்லை. மூளையின் மேலுறையான புறணியின் மற்ற பகுதிகளைப் போலவே அங்கும் கூம்பு வடிவப் பிரமிட் நியூரான்களும், அக்கம்பக்க நியூரான்களை இணைக்கும் இடைநியூரான்களும்தான் இருக்கின்றன. அவற்றின் பருமன், கிளைப்பு, அடுக்குகளின் தடிப்பு ஆகியவைதாம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

கேள்வி: மூளை வரைபடத்தில் 44, 45 என்று எண்ணிட்ட பகுதிகள் இரண்டும் புரோக்கா பகுதிதானே, பிறகு ஏன் இரண்டு எண்கள்?

பதில்: நரம்பியலாளர் ப்ரோட்மன் 1909-இல் புறணியின் வரைபடத்தை வெளியிட்டபோது நுண்ணோக்கியில் தெரிந்த நரம்பணு அடுக்குகளை வைத்தே எண் கொடுத்தார். இவற்றுக்குப் பின்னால் உள்ள இயக்கப் பகுதியான 6-இல், புறணியின் ஆறு அடுக்குகளில் நான்காவது ஏறக்குறைய இல்லை. 44-இல் அது மெலிந்து, விட்டுவிட்டுத் தெரிகிறது. 45-இல்தான் தெளிவாகத் தொடர்கிறது. இதற்கு மாறாக, செவிப்புலப் பகுதியான 41-இல் அதே அடுக்கு சிறு அணுக்களால் நெருக்கமாக நிரம்பியிருக்கும். இந்த எல்லைகள் மூளையின் மேற்பரப்பு மடிப்புகளோடு சரியாகப் பொருந்துவதில்லை. ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆகவே ஸ்கேன் படத்தில் விரலை வைத்து '44 இதுதான்' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரு நியூரான் படத்தை இணைத்துள்ளேன். இது எந்த மொழிப் பகுதி?

பதில்: எந்தச் சாயம், எத்தனை மடங்கு உருப்பெருக்கம், இடமா வலமா, இறந்தவரின் வயது என்ன என எதையும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது? தனியே நிற்கும் ஒரு பிரமிட் அணுவைப் பார்த்து அதன் முகவரியைச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: படிக்கப் படிக்க வெர்னிக்கே பகுதியில் (மொழியைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய இடம்) டென்ட்ரைட்டுகள், அதாவது நரம்பணுவின் செய்தி வாங்கும் கிளைகள், வளரும் என்பது நிரூபிக்கப்பட்டதுதானே?

பதில்: மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது, நானும் சலிக்காமல் அதே எதிர்க்கேள்வியைக் கேட்கிறேன்: எத்தனை மூளைகள்? 1993-இல் ஜேக்கப்ஸ், ஷால், ஷைபெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 20 மூளைகள். கூடுதலாகப் படித்தவர்களிடம் டென்ட்ரைட்டுகளின் மொத்த நீளம் கூடுதலாக இருந்தது என்பது உண்மை. ஆனால் இறந்தபின் ஒரே ஒரு முறை அளந்ததை வைத்து 'வளர்ந்தது' என்று எப்படிச் சொல்வது? படிப்பு கிளைகளை நீட்டியதா, நீண்ட கிளைகள் உள்ளவர் நெடுநாள் படித்தாரா, அல்லது சிறுவயதுச் சூழல் இரண்டையும் ஒருசேரத் தீர்மானித்ததா என்பதை அந்த அளவீடு பிரித்துக் காட்டாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிப்பட்ட அளவீடுகள் 1873-இல் தோன்றிய கோல்ஜி வெள்ளிச் சாய முறையை நம்பியவை. இளமஞ்சள் பின்னணியில், இலை உதிர்ந்த மரம்போல, கிளைகளும் அவற்றின் மேலுள்ள முட்களும் தெரியும்படி ஓர் அணு கரேலென்று நிற்கும். ஆனால் நூறு அணுக்களில் இரண்டு மூன்றுதான் சாயம் ஏற்கும். எவை ஏற்கும் என்பது நம் கையில் இல்லை. அதிலும் நீண்ட கிளைகள் மெல்லிய திசுச் சீவலின் விளிம்பில் துண்டுபட்டு நிற்கும். மைக்ரோமீட்டர் கணக்கில் அளந்த இந்த நீளங்களைப் 'படித்தால் மூளை வளரும்' என்ற விளம்பர வாசகமாக்குவது அந்த ஆய்வாளர்களுக்கே செய்யும் அநீதி.

கேள்வி: இடது, வலது பக்கங்களில் வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எதில் என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1968-இல் கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்து, 65-இல் இடது பிளானம் டெம்போராலே (செவிப்புலப் பகுதிக்குப் பின்னுள்ள தட்டையான பரப்பு) பெரியது என்றார்கள். அது பரப்பின் அளவு. அணுவின் வடிவம் அல்ல. அணு அளவில் பார்த்தால், இடது செவிப்புலப் புறணியில் அணுத் தூண்களுக்கு (செங்குத்தாக அடுக்கிய நரம்பணு வரிசைகளுக்கு) இடையிலான இடைவெளி அகலம் என்றும், புரோக்கா பகுதியில் இடப்பக்க டென்ட்ரைட்டுகளின் கடைக்கிளைகள் நீளம் என்றும் ஆய்வுகள் உள்ளன. பிந்தையதில் எத்தனை மூளைகள்? பத்துக்கும் குறைவு.

கேள்வி: பன்மொழி அறிஞர்களின் மூளை அணு அமைப்பிலேயே வேறுபட்டதா?

பதில்: 1930-இல் இறந்த எமில் கிரெப்ஸ் அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அறிந்தவராகச் சொல்லப்படுகிறார். அவருடைய புரோக்கா பகுதியின் அணு அடுக்கமைப்பு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருந்ததாக 2004-இல் ஆய்வு வெளியானது. என் வழக்கமான கேள்விக்கு விடை: ஒன்று.