சைக்கிள் மேல் விழுந்த பழி

அன்புள்ள அக்கா,

நோயாளியின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து புற்றுநோயை வளர்த்துப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். குணப்படுத்துவதை விட்டுவிட்டு எதற்கு இந்த வேலை? மருந்து எப்போது வரும்? தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பதும் இதுவும் ஒன்றுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தொப்புள்கொடி வேறு. அதில் முக்கியமாக இருப்பவை ரத்தத்தை உண்டாக்கும் செல்கள். நீங்கள் படித்தது உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியது. மருந்துக்குத் தேதி கேட்காதீர்கள்.

ஆனால் 'எதற்கு இந்த வேலை' என்று கேட்டீர்களே, அதுதான் கோபமூட்டுகிறது.

என் பெரியம்மா மகனுக்கு 16 வயதில் முழங்காலில் வலி. சைக்கிளிலிருந்து விழுந்த அடி என்று இரண்டு மாதம் எண்ணெய் தடவினோம். டாக்டர் எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு பூச்சி அரித்த மாதிரி இருந்தது. எலும்புப் புற்று. அடுத்த வருடம் போய்விட்டான். "சைக்கிள் வாங்கித் தராம இருந்திருந்தா?" என்று பெரியம்மா இன்றும் கேட்கிறார்.

அறுத்தெடுத்த கட்டி இதற்குப் பதில் சொல்லாது. அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு கிடைப்பது. முதல் செல் எங்கே தடம் மாறியது? அதைப் பார்க்கத்தான் இந்த வேலை, தங்கையே!

முதிர்ந்த மனிதச் செல்லைப் பின்னோக்கி ஸ்டெம் செல்லாகத் திருப்ப ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2007இல் வழி காட்டினார். 2015இல் நியூயார்க்கில், பரம்பரையாகப் புற்றுநோய் வர வைக்கும் லீ-ஃப்ராமெனி நோய்க்குறி உள்ள ஒரு குடும்பத்தாரின் தோல் செல்லை அப்படித் திருப்பினார்கள். புற்று வராமல் காக்கும் பி53 என்ற காவல் மரபணுவின் ஒரு பிரதி அவர்களுக்குப் பிறவியிலேயே பழுது. அங்கிருந்து எலும்பு கட்டும் செல்களாக வளர்த்தபோது அவை ஒழுங்காக முதிரவில்லை, எலும்புப் புற்றின் குணம் காட்டின. வளர வளர ஹெச்19 என்ற மரபணு கூடுதலாக வேலை செய்ய வேண்டும், அது நடக்கவில்லை. அதை மீட்டுக் கொடுத்ததும் செல்கள் முன்னைவிட நன்றாக முதிர்ந்தன, கட்டி உண்டாக்கும் தன்மையும் அடங்கியது.

அந்தச் செல்கள் வளர்ந்த ஆய்வகத் தட்டில் யாரும் சைக்கிளிலிருந்து விழவில்லை.

எங்கள் பையனுக்கு அந்தப் பரம்பரைக் கோளாறு இருந்ததா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதை முழுசாகச் சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா