"பிள்ளைக்கு ஏன் இந்த வெயில்?"

கேள்வி: திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். என்னிடம் எவரும் தவறாக நடந்ததில்லை. ஆனால் கூட்டம் தொடங்கியதும் குறிப்பெடுக்கும் கொப்பி என் பக்கமே நகர்ந்து வருகிறது. வெருகல், மூதூர்ப் பக்கத்து வெளிக்கள வேலைகள் எனக்குப் பின்னர் சேர்ந்த ஆண்களுக்கே போகின்றன. கேட்டால், "பிள்ளைக்கு ஏன் இந்த வெயில்?" என்கிறார் எங்கள் பொறியியலாளர். இது பாகுபாடா, அல்லது நான்தான் மிகைப்படுத்துகிறேனா?
– வாசகி, உவர்மலை

பதில்: மிகைப்படுத்தவில்லை. நம் ஊரில் மூத்தவர்கள் "பிள்ளை" என்று அழைப்பது பெரும்பாலும் வாஞ்சையால்தான் என்பதால், அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்காடச் சொல்லமாட்டேன். உங்கள் வயதொத்த ஆண் அங்கே "தம்பி" என்றால் கணக்குச் சரி. அவர் "சேர்", நீங்கள் "பிள்ளை" என்றால் யோசிக்க இடமுண்டு.

வெயில் விடயம் வேறு. அக்கறை உள்ளவர் உங்களிடம் கேட்டிருப்பார். இவரோ கேளாமலே உங்களுக்காக முடிவெடுத்துவிட்டார். பிரயாணக் கொடுப்பனவு கைநழுவுவது ஒருபுறமிருக்க, நாளை பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் எந்தெந்த வேலைகளை மேற்பார்வை செய்தீர்கள் என்று கேட்கப்படும்போது, உங்களிடம் இருக்கப்போவது மற்றவர்கள் பேசியதை அழகாக எழுதிய கூட்டக் குறிப்புகள்தாம்.

முதலில், கடந்த இரண்டு மாதங்களில் யார் எந்தத் திகதியில் வெளிக்களம் சென்றார், யார் குறிப்பெடுத்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பொறியியலாளரைத் தனியே சந்தித்து, அந்தத் தாளை முன்னால் வைத்து, "சேர், அடுத்த வெருகல் வேலைக்கு என்னை அனுப்புங்கள், முடியாவிட்டால் நானே சொல்கிறேன்" என்று கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் அவர் தம் மரியாதையைக் காக்கத்தான் பேசுவார், உங்கள் வேலையைப் பற்றிப் பேசமாட்டார். குறிப்பெடுப்பதை மட்டும் கூட்டத்திலேயே, முறைவைத்து மாற்றிக்கொள்வோம் என்று முன்மொழியலாம். அதில் எவருக்கும் முகம் சுளிக்க இடமில்லை.

பேசியும் மாறாவிட்டால், பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை அரச அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் திருகோணமலையிலேயே உண்டு. ஆயினும் முறைப்பாட்டிலிருந்து தொடங்கவேண்டாம். அடுத்த பயணத்துக்கு வாகனம் ஒழுங்காவதற்கு முன்னர் அவரைச் சந்தித்துவிடுங்கள்.