வாசகர் கேள்வி: வளவைத் தாண்ட ஏன் பயம்?

கே: பேய், பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ராத்திரி பதினோரு மணிக்குப் படித்து முடித்தபின், இரண்டாம் கட்டிலிருந்து முகப்புக்குப் போக, நடுமுற்றமான வளவைத் தாண்டக் கால் வரவில்லை. அப்படியானால் உள்ளுக்குள் நான் நம்புகிறேனா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: பயந்ததை வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது. உங்கள் வீட்டையே முதலில் பாருங்கள். மேலே வானம் திறந்த வளவு, சுற்றிலும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர். பகலெல்லாம் வெயில் குடித்த தேக்கும் ஓடும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ‘டக்’கென்று சத்தம் விடும். அது சுவரில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கத்துச் சத்தம் என்றே தெரியாது. மரம் பகலிலும்தான் முனகுகிறது, யார் காதுகொடுத்தார்கள்? கதை உங்கள் காதைத் திறந்துவிட்டது.

ஆனால் அதோடு கையைக் கழுவிவிட வேண்டாம். ‘காஞ்சனை’, ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்பட்ட கதை. சொல்கிறவர் எழுத்தாளர், கதை கட்டுவதே அவர் பிழைப்பு. வீட்டு வேலைக்கு வந்து சேரும் பெண்ணை அவர் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். அவள் யார் என்று கடைசிவரை தீர்ப்பு இல்லை. பேயா, பிரமையா என்ற இந்தத் தயக்கம்தான் இவ்வகைக் கதைக்கு உயிர் என்று தொதோரோவ் என்ற விமர்சகர் 1970இல் பிரெஞ்சில் வெளியான தம் நூலில் வாதிட்டார். தயக்கம் தீர்ந்த கணமே கதை வேறு வகைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. தீர்க்காமல் விட்ட அந்த இடத்தை நிரப்புவது நீங்கள். எதை வைத்து நிரப்பினீர்கள் என்பதுதான் தேட வேண்டியது.

மறுநாள் பகலில் பென்சிலோடு மறுபடி படியுங்கள். நோட்டுத் தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், சொல்கிறவர் கண்டது, கேட்டது, முகர்ந்தது. வலப்பக்கம், அதிலிருந்து அவர் முடிவுகட்டியது. பலரும் தவறுவது இங்கேதான்: ‘பேய் வந்தது’ என்று இடப்பக்கம் எழுதிவிடுவார்கள். அது பார்த்ததல்ல, முடிவு. ‘வாடை அடித்தது’ என்பதுதான் இடப்பக்கச் சரக்கு. எழுதி முடித்ததும், முதன்முதலில் மயிர்க்கூச்செறிந்த வரியைத் தேடி வட்டம் போடுங்கள். அது இடப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் எழுத்தாளரின் கைத்திறன். வலப்பக்கம் விழுந்தால் அந்த முடிவுக்கு நீங்கள் முன்பே பாதி தயாராக இருந்திருக்கிறீர்கள். இரண்டிலும் இல்லாமல், கதையில் ஒன்றுமே நடக்காத வரியில் விழுந்திருந்தால் சரக்கு முழுக்க உங்களுடையது. சின்ன வயதில் யார், எந்த இடத்தைக் காட்டி, ‘அங்கே போகாதே’ என்றார்கள் என்று யோசித்து எழுதுங்கள். இதை ராத்திரி உட்கார்ந்து செய்யாதீர்கள், கோடு கோணிவிடும்.

கே: சாமி இல்லை என்று பேசும் என் மகன் பேய் நாவலாகப் படித்துத் தள்ளுகிறான். பிள்ளையார் நோன்பன்று மட்டும் முதல் ஆளாக வந்து இழை எடுத்துக்கொள்கிறான். இதென்ன வேஷம்?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

ப: வேஷமில்லை ஆச்சி. நம்பிக்கை வேறு, பயம் வேறு, வழக்கம் வேறு. கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூலிழையைத் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றிய சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதற்கு, பிள்ளையார் உண்டா இல்லையா என்ற விவாதத்தை முடித்துவிட்டு வர வேண்டியதில்லை. அது வீட்டாரோடு சேர்ந்து நிற்பது. தவிர, சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனே நாத்திகம் பேசிய மேடைகளுக்குப் பிறகு ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதினார். உங்கள் மகனை இப்போதே ஒரு கட்சியில் சேர்த்துவிடாதீர்கள்.

அவனோடு பேச வேண்டுமென்றால், ‘நம்புறியா, இல்லையா’ என்று தொடங்காதீர்கள். பதில் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். ‘அந்த நாவல்ல செத்துப்போனவளுக்கு என்னப்பா வேணுமாம்? யாராச்சும் கேட்டாங்களா?’ என்று கேளுங்கள். பேய்க் கதைகளில் இறந்தவரைப் பெரும்பாலும் விரட்டுகிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் நம் ‘படைப்பு’ச் சடங்கில் பங்காளிகள் கூடி, புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டு அவரை அழைக்கிறோம். செத்தவர் அந்நியரா, வீட்டு ஆளா? இந்தக் கேள்வியில் அவனும் பேசுவான், நீங்களும் பேசலாம்.

கே: மாதம் ஒரு கதை படித்துப் பேசுகிறோம். அமானுஷ்யக் கதை எடுத்தால் மட்டும் சண்டையில் முடிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர் வட்டத்தினர், காரைக்குடி

ப: இரண்டு பேர் கூட்டத்தைக் கெடுப்பார்கள். ‘எங்க ஐயா காலத்துல நெசமாவே நடந்துச்சு’ என்று ஆரம்பிப்பவர் ஒருவர். ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று முதல் நிமிடமே தீர்ப்பெழுதுபவர் இன்னொருவர். இருவருமே கதையைப் பேசவில்லை. கேட்பவர்களுக்கோ மறுத்தால் ஒருவரின் ஐயாவைப் பொய்யர் என்றதாகிவிடும், ஒத்துக்கொண்டால் அசடராகிவிடுவோம் என்ற சங்கடம்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து பக்கத்துக்குள் அடங்கும் கதையாக எடுத்து அங்கேயே வாய்விட்டு வாசியுங்கள். அரைமணி, முக்கால்மணி பிடிக்கும். வீட்டில் படித்துவரச் சொன்னால் பாதிப் பேர் கேள்விப்பட்ட கதையோடு வருவார்கள். பிறகு வரிசை மாறாமல் கேளுங்கள்: என்ன நடந்தது, யார் சொல்கிறார், அவருக்கு அப்படிச் சொல்ல என்ன காரணம், கதைக்குள் வேறு யாராவது அதைப் பார்த்தார்களா. சொந்த நம்பிக்கை கடைசிச் சுற்று. ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்குக் கேள்வி கிடையாது. சொந்த அனுபவங்களைக் காப்பிக்கு எழுந்தபின் சொல்லட்டும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், சுவையே அங்கேதான்.

கே: இப்படிக் கதை படித்துவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்காருகிறது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை.
– வாசகி, பள்ளத்தூர்

ப: கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து அசையாமல் கிடக்கும். அந்த நிலை கலைவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். சில விநாடியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். தூக்கம் குறைந்தாலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். இரண்டு மணிவரை விழித்துப் படித்தால் கதை பேய்க் கதையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருக்களித்துப் படுங்கள், பத்து மணிக்குப் புத்தகத்தை மூடுங்கள். வந்துவிட்டால் எழ முயன்று திமிறாமல், ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். அடிக்கடி வந்தால், பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளினால், டாக்டரிடம் காட்டுங்கள்.