லேசர் வைத்தால் கை கால் விழுந்துவிடுமா?

மூளைக்கட்டிக்கான லேசர் வெப்ப சிகிச்சை (மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, லேசர் இழையைக் கட்டிக்குள் விட்டு அதைச் சூட்டால் அழிப்பது) பற்றி வந்த கேள்விகளுக்கு நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

மகேஸ்வரி: அப்பாவுக்கு இடப்பக்க மூளையில் கட்டி. லேசர் செய்து மூன்று நாளாகிறது. முதல் நாள் வலது கையால் தானே டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்று விரல் மடங்கவில்லை. நரம்பு வெந்துவிட்டதா டாக்டர்?

பதில்: முதல் நாள் கை வேலை செய்தது என்கிறீர்களே அம்மா, அதுதான் முக்கியம். அசைவுக்கான நரம்புப் பாதையை லேசர் நேராகச் சுட்டிருந்தால் மயக்கம் தெளிந்தபோதே கை வந்திருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்துத் தளர்ந்தால் பெரும்பாலும் வீக்கம். வெந்த கட்டியை நாங்கள் வெளியே எடுப்பதில்லை, உள்ளேயே கிடக்கும். அதைச் சுற்றி நீர் கோர்க்கும்போது விரிய இடம் இருக்காது. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கட்டி என்றால் பலர் தயங்குவது இதனால்தான்.

ஆனால் ரத்தக்கசிவிலும் கை இப்படி விழலாம், வலிப்பு வந்து போன பிறகும் விழலாம். வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். இப்போதே சிகிச்சை செய்த இடத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள். வீக்கம்தான் என்றால், அதைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோனைக் கூட்டுவார்கள். கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செல்வம்: லேசருக்குப் பக்கவிளைவே இல்லை என்கிறார்களே?

பதில்: துளைதான் சின்னது.

நூர்ஜகான்: மாமியாருக்கு சிகிச்சை முடிந்து ஆறு வாரம். கை நன்றாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இரண்டு தொடையிலும் பலமில்லை.

பதில்: மூளையின் ஒரு பக்கத்தைச் சுட்டால் உடம்பின் மறுபக்கம்தான் தளரும். இரண்டு தொடையும் ஒன்றாகச் சோர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் ஸ்டீராய்டு மேல். நாள்பட எடுத்தால் தொடை, இடுப்புத் தசைகளை அது கரைக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், அளவைப் படிப்படியாக அவர் குறைப்பார். அவர்தான் குறைக்க வேண்டும், நீங்கள் அல்ல.

கார்த்திக்: நான் வெப்பப் பொறியாளன். எம்.ஆர்.ஐ.யில் சூட்டை நேரடியாகப் பார்த்துக்கொண்டேதான் சுடுகிறீர்கள். எல்லை தாண்டும் முன் லேசரை அணைக்கலாமே? நரம்பு பாதித்தால் அது கவனக்குறைவு இல்லையா?

பதில்: உங்கள் துறைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 43 டிகிரியில் 10 நிமிடம் இருந்ததற்குச் சமமான சூடு பட்ட இடத்தைத் திரையில் ஒரு கோடாகக் காட்டும் கருவி உண்டு. கோட்டுக்குள் இருப்பது செத்தது என்று கணக்கு. கோட்டுக்கு வெளியே இருப்பதும் சூடு பட்டதுதான். தவிர, வெப்பம் வட்டமாகப் பரவுவதில்லை. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாயோ மூளைநீர் அறையோ இருந்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

கார்த்திக்: அதையும் திரை காட்டுமே!

பதில்: காட்டும். நரம்புப் பாதை எங்கே போகிறது என்பதைத் திரை பார்த்துச் சொல்வதில்லை. நீர் மூலக்கூறுகள் நகரும் திசையிலிருந்து கணினி வரையும் ஊகப் படம் அது. கட்டியைச் சுற்றி ஏற்கெனவே வீக்கம் இருந்தால் அந்தப் படத்தில் பாதை மெலிந்து தெரியும், சில இடத்தில் காணாமலே போகும். மூளையின் ஆழத்தில் உள்உறை (internal capsule) என்கிற இடத்தில் கை, கால், முகம் மூன்றுக்குமான இழைகளும் ஒரு குறுகலான சந்துக்குள் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் பாதி உடம்பு போகும். நோயாளியோ பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார், "விரலை ஆட்டுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை.

கார்த்திக்: அப்படியானால் தவறு திட்டத்தில், கருவியில் இல்லை.

பதில்: இதை ஒத்துக்கொள்கிறேன். பாதைக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்துவது, எவ்வளவு கட்டியை விட்டுவைப்பது என்பது லேசரைப் போடும் முன்பே எடுக்கிற முடிவு. விட்டுவைத்த கட்டி வளர்ந்தாலும் அதே கை விழும். அதைக் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்.

பிரபு: லேசர் என்றால் பக்கவிளைவு இல்லைதானே சார்?

பதில்: செல்வத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லதா: பிசியோ எப்போது தொடங்கலாம்?

பதில்: மருத்துவர் எழுந்து உட்காரச் சொன்ன அன்றே. தோள்மூட்டு இறுகிவிட்டால் பிறகு கை திரும்பினாலும் தூக்க முடியாது.

விஜயா: அண்ணா, டெக்ஸா போட்டதிலிருந்து அம்மாவுக்கு சர்க்கரை 300. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. இது மூன்றாவது முறை எழுதுகிறேன். சர்க்கரைக்கு மருந்து கேட்டு இன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.