ஏற்காட்டில் சீசன் இல்லாத மாதங்களில் லாட்ஜை மூடி வைப்பது லாபமா?

20 அறை லாட்ஜை லீஸுக்கு எடுத்திருக்கிறீர்கள், மே மாதக் கோடை விழா முடிந்ததும் அறைகள் காலி, மழை விடும்வரை பூட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் சில லாட்ஜ்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூட்டுவதற்கு முன்னால் செலவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, திறந்து வைத்தால் மாதம் 3 லட்சம் நிலையான செலவு (ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆவது) என்று வைத்துக்கொள்வோம். அதில் லீஸ், வட்டி, வாட்ச்மேன் சம்பளம், மின் இணைப்புக்கான நிலைக்கட்டணம் எல்லாம் சேர்த்து 1,80,000 பூட்டினாலும் போகும். மீதி 1,20,000தான் மிச்சமாகும். அறையில் ஆள் தங்கினால் மட்டும் வரும் செலவு (சலவை, சோப்பு, கீசர் கரண்ட், தண்ணீர்) ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய். தினம் 6 அறை போகிறது என்றால், மாதம் 180 முறை அறை வாடகைக்குப் போகும்.

பெரும்பாலான முதலாளிகள் 3 லட்சத்தை 180-ஆல் வகுத்து, 350-ஐக் கூட்டி, "எனக்கே ரெண்டாயிரம் அடக்கம் ஆகுது" என்று 1,200-க்குக் கேட்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் போனதால் லீஸ் பணம் குறைந்துவிடுமா? 850 ரூபாய் போனதுதான் மிச்சம். எல்லா அறையும் 1,200-க்கே போனாலும் 1,53,000 கையில் நிற்கும். நஷ்டம் 1,47,000. பூட்டினால் 1,80,000. தினம் ஐந்து அறைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் மட்டும் பூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். புக்கிங் செயலி வழியாக வந்தால் கமிஷனைக் கழித்துப் பாருங்கள், கணக்கு கொஞ்சம் மாறும்.

வாடகையைக் குறைப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். சனிக்கிழமை மழையிலும் பெங்களூர் வண்டிகள் ஏறி வரும், அன்று தள்ளுபடி வேண்டவே வேண்டாம்.

ஒரு மாடியை மட்டும் பூட்டலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் நம் மலையில் ஒரு சங்கடம் உண்டு. மழை மாதத்தில் பத்து நாள் பூட்டிய அறையைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடைதான் வரும். மெத்தையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், சில்லென்று ஈரம் கையில் ஒட்டும். மெத்தை மாற்றுகிற செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதனால் அறைகளைச் சுழற்சியில் கொடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற அன்று மெத்தைகளை நிமிர்த்தி வைத்து ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

உண்மையில் பணம் ஒழுகுகிற இடம் சமையல்கட்டு. நாலு பேருக்காக நாற்பது அயிட்டம் மெனு கார்டு எதற்கு? காய்கறி சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது, பாதி வாடிக் குப்பைக்குப் போகிறது. காலையில் இட்லி, பொங்கல், மதியம் ஒரே சாப்பாடு, ராத்திரிக்கு முன்கூட்டியே சொன்னால் மட்டும். அப்புறம், மாஸ்டரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சம்பளத்தோடு பத்து நாள் ஊருக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, ஏப்ரலில் புது மாஸ்டர் தேடினால் கேட்கிற சம்பளமே வேறு.