வராதவர்கள் எல்லாம் குணமானவர்களா? வாசகியர் கேள்வி, மருத்துவர் பதில்

அடியிறக்கம் (கருப்பை போன்ற உறுப்புகள் தளர்ந்து பிறப்புறுப்பு வழியாகக் கீழே இறங்குவது), சிறுநீர்க் கசிவு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் எல்லோரையும் எழுதிவைத்து, பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்கும் பதிவேடு பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் இவை. ஊரை மட்டும் போடுகிறேன்.

*பதிவேட்டில் சேர்க்கக் கையெழுத்து கேட்கிறார்கள். என் பெயர் வெளியே தெரியுமா? (ஆத்தூர்)*

ஆய்வுக்குப் போகும் பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது, குறியீட்டு எண்தான் இருக்க வேண்டும். இதை ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதித் தரச் சொல்லி, படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதனால் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது.

*கர்ப்பமாக இருந்தபோது பிக்மி எண் வாங்கினேனே, அதுவும் இதுவும் ஒன்றா? (ஓமலூர்)*

இல்லை. அது பேறுகாலத்துக்கு.

*பத்து வருடம் முன்பு வலை வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வெளிநாட்டில் தடை என்று மகன் சொல்கிறான். எடுத்துவிடலாமா? (ஏற்காடு)*

எந்த வலை அம்மா? தளர்ந்த உறுப்பைத் தாங்க உள்ளே வைக்கும் செயற்கை வலையில் பல வகை உண்டு. சிறுநீர்க் கசிவுக்கு வைத்த டேப்பா (நாடா போன்ற வலை), இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைத்ததா, வயிறு வழியாக வைத்ததா? உங்களுக்கு வலி உண்டா, இல்லையா? இரண்டு பக்கக் கடிதத்தில் இது ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லாமல் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வேன்? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அதில் வலையின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம்.

அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை மட்டும். பிரிட்டன் 2018 ஜூலையில் கசிவு டேப்பையும் சேர்த்து நிறுத்திவைத்தது. அங்கே இதை விசாரித்து 2020-ல் வந்த கம்பர்லெஜ் அறிக்கை சுட்டிக்காட்டிய பெரிய குறை, எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது, அதன் பிறகு என்ன ஆனது என்பதற்கு முழுக் கணக்கு இல்லை என்பதுதான். ஆரம்பத்திலேயே பதிவேடு இருந்திருந்தால் இவ்வளவு பேர் இவ்வளவு காலம் தவித்திருக்க வேண்டாம்.

தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டாம். வலி, ரத்தக்கசிவு, நாற்றமுள்ள வெள்ளை, உறவின்போது குத்துவது போன்ற உணர்வு இருந்தால் உடனே காட்டுங்கள்.

*ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம். நன்றாக இருக்கிறேன். எதற்கு மறுபடி வரச் சொல்கிறார்கள்? (அம்மாபேட்டை)*

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

மருத்துவக் கூட்டங்களில் "100 பேருக்குச் செய்தோம், 95 பேர் நலம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று கேட்டால் பாதிகூடத் தேறாது. வராதவர்களை எல்லாம் குணமானவர்கள் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். இதை நான் கணக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் வரவில்லை? மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து போனால் அன்றைய கூலி போச்சு. இன்னொருவருக்கு அடி மறுபடி இறங்கியிருக்கும். முதல் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஈரோட்டுக்கோ கோவைக்கோ போயிருப்பார். முதல் டாக்டரின் ஏட்டில் அவர் நலம். அமெரிக்காவில் 1997-ல் வந்த ஓர் ஆய்வில், இறக்கம், கசிவுக்கான அறுவைசிகிச்சைக்கு வந்தவர்களில் 10-க்கு 3 பேர் ஏற்கெனவே ஒருமுறை செய்துகொண்டவர்கள். இங்கே எத்தனை பேர் என்று சொல்ல யாராவது எண்ணியிருக்க வேண்டுமே?

போனில் கேட்கலாமே என்பார்கள். கேட்கிறோம். கேஸ் ஷீட்டில் இருப்பது மகனின் நம்பர். "அம்மா நல்லா இருக்காங்க மேடம்" என்று அடுத்த அறையில் இருக்கும் அம்மாவைக் கேட்காமலே சொல்லிவிடுவார். இருமும்போது புடவை நனைகிறது என்று எந்த அம்மா மகனிடம் சொல்வார்? தயவுசெய்து உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். போன் இல்லையென்றால் மகள் அல்லது நம்பிக்கையான தோழியின் நம்பர். நர்ஸ் உங்களிடம்தான் பேச வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தேவையான தகவல்தான். நலமானவர்கள் வராமல் நின்றாலும் கணக்கு கோணிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாருங்கள்.

*கெகல் பயிற்சி ஒரு வாரம் செய்தேன். பலனில்லை. (சங்ககிரி)*

ஒரு வாரத்தில் எப்படி இருக்கும்? சிறுநீரை அடக்குவது போல் அடித்தசையை ஒரு வேளைக்கு 8 முறை இறுக்கி விட வேண்டும், தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சரியான தசையைத்தான் இறுக்குகிறீர்களா என்று ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

*எங்கள் துறையில் பதிவேடு தொடங்க 60 கேள்விகளுடன் படிவம் தயாரித்திருக்கிறேன். சரியா? (பட்டமேற்படிப்பு மாணவி, சேலம்)*

60 கேள்வியை ஓ.பி. கூட்டத்தில் யாரும் நிரப்ப மாட்டார்கள். அறுவைசிகிச்சைக்கு முன் பாப்-கியூ அளவும் (இறக்கம் எவ்வளவு என்று அளந்து எழுதுவது), எது அதிகம் தொந்தரவு என்று அவர் சொல்வதும், ஒரு சிறிய வினாத்தாளும் போதும். செய்தது எந்த அறுவை, செய்தவர் யார், வலை வைத்தால் பேட்ச் எண். பிறகு அதே வினாத்தாள் மறுபடி. ஸ்வீடனின் தேசியப் பதிவேட்டில் எட்டு வாரத்திலும் ஒரு வருடத்திலும் கேட்கிறார்கள். பதில் சொல்வது நோயாளி, அறுவை செய்த டாக்டர் அல்ல. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு இறக்கம் சரியாகியிருக்கும், அவருக்கு நனைவது நின்றிருக்காது.

ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு பெயரும் உள்ளே வர வேண்டும். நன்றாகப் போன கேஸ்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் அது பதிவேடு ஆகாது. தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள்.

*அறுவை வேண்டாமென்று, இறக்கத்தைத் தாங்கும் வளையம் (பெஸ்ஸரி) வைத்திருக்கிறேன். நானும் பதிவேட்டில் சேரலாமா? (கொண்டலாம்பட்டி)*

அவசியம் சேர வேண்டும். வளையம் வைத்தவர்களின் கணக்கும் இருந்தால்தான் அறுவை உண்மையில் யாருக்குத் தேவை என்று ஒப்பிட முடியும். வளையத்தை நீங்களே கழற்றிக் கழுவ முடியவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து காட்டுங்கள். எந்த அளவு வளையம், என்று மாற்றினார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி, அதையும் டிஸ்சார்ஜ் சம்மரி போலவே பத்திரமாக வையுங்கள்.