வாலரன்ட்டா, சிஎஸ் 2ஆ? தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாட எது சரிவரும்?

கேள்வி: "கோண்டாவிலில் இருக்கிறேன். ரைசன் 5 5600ஜி, ஒரே ஒரு 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2) என்ற இரண்டு சுடும் கேம்களில் எதைப் பழகலாம்? இரண்டுக்கும் எஞ்சின், அதாவது கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள், வேறு என்கிறார்கள். விளையாடும்போது அது தெரியுமா, சும்மா கதையா?"

தெரியும். திரையில் தெரிவதைவிடக் கையில்தான் கூடத் தெரியும். உங்கள் கணினியில் வாலரன்ட் இன்றைக்கே நன்றாக ஓடும். சிஎஸ் 2உம் ஓடும், ஆனால் இன்னொரு 8 ஜிபி ராம் போடும்வரை ஆளைக் கடுப்பேற்றும்.

முதலில் வம்சாவளி. சிஎஸ் 2 ஓடுவது வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் 2 எஞ்சினில். அதன் வேர் 1996இல் வந்த குவேக் வரைக்கும் போகும். ஐடி சொஃப்ட்வெயாரிடம் குவேக் எஞ்சினை உரிமத்துக்கு வாங்கி, மாற்றி எழுதித்தான் வால்வ் 1998இல் ஹாஃப் லைஃப் செய்தது. அதற்கு மேல் 1999இல் மொட் ஆக, அதாவது ரசிகர்கள் மாற்றிச் செய்த கேமாக, வந்தது முதல் கவுன்டர் ஸ்ட்ரைக். நெட் கஃபேக்களில் பெடியள் விழுந்து விழுந்து விளையாடிய 1.6உம் அந்த எஞ்சின்தான். பிறகு 2004இல் சோர்ஸ், 2012இல் சிஎஸ்கோ (கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ்), 2023 செப்டெம்பர் 27இல் சிஎஸ் 2. இத்தனை மாற்றத்திலும் படம் வரைகிற பகுதிதான் தலைகீழானது; ஆள் நடக்கிற கணக்கில் பழைய சாயல் அப்படியே இருக்கிறது. வாலரன்ட் வேறு வீட்டுப் பிள்ளை. எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின்: 2020 ஜூன் 2இல் வெளிவந்தபோது அன்ரியல் 4, 2025 ஜூலையில் அன்ரியல் 5க்கு மாற்றினார்கள்.

அந்த நடைக் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். குவேக் வழி எஞ்சினில் ஆள் அந்தரத்தில் நிற்கும்போது மொத்த வேகத்துக்கு வரம்பு பார்ப்பதில்லை. நீங்கள் அழுத்துகிற திசையில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். ஓடுகிற திசைக்குக் குறுக்காக ஏ கீயை அழுத்திக்கொண்டு அதே பக்கம் மவுஸைத் திருப்பினால், அந்தத் திசையில் வேகம் குறைவு என்று எஞ்சின் கணக்குப் போட்டு மேலும் மேலும் சேர்க்கும். பனிஹொப் (துள்ளித் துள்ளி வேகம் கூட்டுவது), சேர்ஃப் மப் (சரிவுகளில் வழுக்கி ஓடும் களங்கள்) எல்லாம் இந்த ஓட்டையில் பிறந்தவை. ஓட்டை என்றேன், ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதை அடைக்காமல் வைத்திருப்பதற்கு வால்வைப் பாராட்டத்தான் வேண்டும். வாலரன்ட் அந்தரத்தில் வேகம் சேர்க்க இப்படி விடாது.

நிலத்திலும் வித்தியாசம் உண்டு. சிஎஸ் 2இல் கத்தியோடு ஓடும் வேகம் வினாடிக்கு 250 யூனிட், ஏகே 47 தூக்கினால் 215, ஏடபிள்யூபி ஸ்னைப்பர் என்றால் 200. உச்ச வேகத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கினால்தான் குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். டி கீயை விட்டுவிட்டுச் சும்மா நின்றால் வழுக்கிக்கொண்டு நிற்கச் சற்று நேரம் எடுக்கும். ஒரு கணம் ஏ கீயைத் தட்டினால் உடனே நிற்கும். இதுதான் கவுன்டர் ஸ்ட்ரேஃப். புதிதாக வருகிறவர்கள் "என் குண்டு ஒன்றும் படவில்லை, கேமில் பிழை" என்று சொல்வதில் முக்கால்வாசி இந்தத் தட்டு இல்லாததால் வருவது. வாலரன்ட்டில் கீயை விட்டாலே ஆள் சட்டென்று நிற்பார், எதிர்க் கீயால் வருகிற ஆதாயம் சொற்பம். இன்னொன்று: இந்தத் தட்டைத் தானாகச் செய்யும் ஸ்னப் டப் வகைக் கீபோர்ட்கள் இப்போது கடைகளில் வருகின்றன. 2024 ஓகஸ்ட்டில் இருந்து வால்வின் அதிகாரபூர்வ சேர்வர்களில் அதைப் போட்டு விளையாடினால் மட்ச்சிலிருந்து வெளியே தள்ளிவிடும். வாங்கியிருந்தால் சிஎஸ் 2 திறக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

சுடுகிற கணக்கும் அப்படியே பிரியும். சிஎஸ் 2இல் ஏகேயின் 30 குண்டும் ஒரே தடத்தில் ஏறி இறங்கும். சுவரில் பழகி மனப்பாடம் செய்யலாம். வாலரன்ட்டின் வண்டல் துப்பாக்கியில் முதல் சில குண்டுக்குப் பிறகு இடமா வலமா என்பது எழுமாற்றாக மாறும், அதனால் இரண்டு மூன்று குண்டாக விட்டு விட்டுச் சுட வேண்டும். சிஎஸ் 2இல் ஆளுக்கு உயிர் 100, ஏகேயின் அடி 36. தலைக்கு நான்கு மடங்கு, ஹெல்மெட் போக 77.5 வீதம் மிஞ்சும், ஆகக் கிட்டத்தில் 111. ஒரே குண்டில் ஆள் முடிந்தது. எம்4ஏ4 துப்பாக்கி என்றால் 33, 70 வீதம், வருவது 92. ஹெல்மெட்டோடு நிற்பவர் தப்பிவிடுவார். வண்டல் எந்தத் தூரத்திலும் தலைக்கு 160. முழுக் கவசத்தோடு ஒருவருக்கு இருப்பது 150தான்.

சேர்வர் பக்கம்: வாலரன்ட் சேர்வர் வினாடிக்கு 128 தடவை உலகத்தைப் புதுப்பிக்கும், அதாவது 7.8 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை. சிஎஸ் 2 வினாடிக்கு 64, இடைவெளி 15.6. அந்த இடைவெளிக்குள் நீங்கள் எப்போது சுட்டீர்கள் என்ற நேரத்தையும் சேர்த்து அனுப்புவதுதான் சப்டிக். சுட்ட கணத்தை அது சரியாகப் பிடிக்கிறது. ஆனால் மூலையைத் திரும்பிய பிறகு செத்துவிழுகிற எரிச்சல் என் பார்வையில் வாலரன்ட்டில் குறைவு.

இனி உங்கள் கணினி. வாலரன்ட் பழைய லப்டொப்பிலும் ஓட வேண்டும் என்றே கட்டப்பட்டது: குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ் போதும் என்று அதைச் செய்த ரயட் நிறுவனம் சொல்கிறது. வெளிச்சம், நிழலில் பெரும்பகுதியை முன்கூட்டியே கணக்கிட்டு மப்பில் பதித்து வைத்திருப்பார்கள், ஓடும்போது கணக்கிட மிச்சம் அதிகமில்லை. சிஎஸ் 2 கேட்பது 8 ஜிபி ராம், 85 ஜிபி இடம். அதில் புகைக்குண்டு வெறும் படம் இல்லை, அறையின் வடிவத்துக்கு நிரம்புகிற முப்பரிமாணப் பொருள்; குண்டு போனால் துளை விழும், கிரனேட் வெடித்தால் சிதறித் திரும்பக் கூடும். அதற்குள் முகத்தை வைத்து நின்றால் கிராஃபிக்ஸ் சில்லு மூச்சு வாங்கும். எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரையும் ஃபிரேம்) விழுகிறதா என்று பார்ப்பதற்கு வெறும் மப்பில் ஓடிப் பயனில்லை, மிராஜ் என்ற மப்பின் நடுவில் இரண்டு புகையை எறிந்து அதற்குள் நின்று பாருங்கள். அந்த எண்தான் உங்கள் உண்மையான எண்.

5600ஜிக்குள் இருக்கிற வேகா கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, உங்கள் ராமிலிருந்தே எடுக்கும். ஒரே ஒரு டிடிஆர்4 3200 ஸ்டிக் என்றால் வினாடிக்கு 25.6 ஜிபி அகலம். அதை சிபியூவும் கிராஃபிக்ஸும் பங்கு போட வேண்டும். இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2. இங்கே கடைகளில் கட்டித்தருகிற கணினிகளில் செலவைக் குறைக்க ஒற்றை ஸ்டிக்கோடு விடுவது வழக்கம். டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது, என்ன வேகம் என்று இரண்டும் தெரியும். ஸ்டான்லி வீதிப் பக்கம் கேட்டு அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று வாங்குங்கள். மதர்போர்டில் நான்கு ஸ்லொட் என்றால் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில் செருகினால் பல போர்டுகளில் மறுபடி ஒற்றைச் சனல்தான், அதாவது ஒரு ஸ்டிக்கின் அகலம்தான். வேகம் 2133, 2400 என்று காட்டினால் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை, சில போர்டில் டிஓசிபி என்றிருக்கும், ஒன் செய்யுங்கள். புதுக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்க்கும் முன் இதைச் செய்து பார்ப்பது புத்தி.

சிஎஸ் 2 செட்டிங்ஸில் ஷேடர் டீட்டெய்ல் லோ, எம்எஸ்ஏஏ 2எக்ஸ் அல்லது இல்லை, அம்பியன்ட் ஒக்ளூஷன் இல்லை, பிளேயர் கொன்ட்ராஸ்ட் ஒன். ரெசல்யூஷனை 1280க்கு 960 ஆக இறக்குவது உங்களுக்கு வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, தொழில்முறை ஆட்டக்காரர் பலர் அதில்தான் இருக்கிறார்கள். டிரைவர் மாற்றிய பிறகு முதல் சில நிமிடம் விக்கி விக்கி ஓடும், ஷேடர்களை, அதாவது படம் வரைகிற சிறு நிரல்களை, தொகுக்கிறது. பொட்களோடு ஒரு டெத்மட்ச் விளையாடிவிட்டு ரேங்க் மட்ச்சுக்குப் போங்கள். மே மாத வெக்கையில் மதியம் நன்றாக ஓடியது பின்னேரம் படுத்தால் சூட்டில் சிபியூ வேகத்தைக் குறைத்திருக்கும். ஃபேனில் புழுதியைத் துடைத்து, எஃப்பிஎஸ்ஸை மொனிட்டரின் ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே கட்டிவையுங்கள். 75 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு 200 ஃபிரேம் வரைந்து அறையைச் சூடாக்கத் தேவையில்லை.

வாலரன்ட்டில் தலையிடி எஃப்பிஎஸ் இல்லை, வன்கார்ட். அது விண்டோஸின் அடித்தளத்தில், கணினி தொடங்கும்போதே ஏறுகிற ஏமாற்றுத் தடுப்பு. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0உம் (பாதுகாப்புச் சில்லு) செக்கியூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பயோஸ் வசதி) கேட்கும். இல்லையென்றால் வேன் 9001 அல்லது வேன் 9003 என்று பிழை காட்டி வெளியே போட்டுவிடும். ஆட்கள் செய்கிற வேலை என்னவென்றால், யூடியூபில் பார்த்து நேரே பயோஸுக்குப் போய் சிஎஸ்எம்மை (பழைய முறையில் கணினியைத் தொடங்கவிடும் வசதி) அணைத்துவிடுவது. டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் அதோடு விண்டோஸ் எழும்பாது. வரிசை இதுதான்: முக்கியமான கோப்புகளை வேறு டிரைவுக்கு எடுங்கள். டிஸ்க் மனேஜ்மென்ட்டில் டிஸ்க்கின் ப்ரொப்பர்ட்டீஸில் எம்பிஆரா, புதிய முறையான ஜிபிடியா என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் விண்டோஸோடு வருகிற எம்பிஆர்டுஜிபிடி கருவியால் முதலில் சரிபார்க்க மட்டும் சொல்லி, அது தேறினால் மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகே பயோஸில் சிஎஸ்எம் ஓஃப், ஏஎம்டி எஃப்டிபிஎம் ஒன் (சிபியூவுக்குள் இருக்கும் டிபிஎம், இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி), செக்கியூர் பூட் ஒன். பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் இதெல்லாம் தொடங்கும் முன் இடைநிறுத்த வேண்டும்.

அடுத்தது பிங், அதாவது சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம் (மில்லிசெக்கனில்). வரைபடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை 400 கிலோமீற்றருக்கும் குறைவு, ஆனால் உங்கள் தரவுப் பொட்டலம் பாக்கு நீரிணையை நீந்திப் போகாது. கொழும்புக்கு இறங்கி, கடல் கேபிள் ஏறி, உங்கள் நிறுவனம் எந்த வழியில் விடுகிறதோ அந்த வழியில் போகும். அதனால் மும்பையா சிங்கப்பூரா என்பதை வரைபடத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வாலரன்ட்டில் மட்ச் தேடும் முன் சேர்வர் வாரியாகப் பிங் காட்டும், இரவு 8 மணிக்கும் 11 மணிக்கும் பார்த்து நல்லதை மட்டும் தெரிவு செய்யுங்கள். சிஎஸ் 2இல் செட்டிங்ஸில் ஏற்கக்கூடிய உச்சப் பிங் என்று ஒன்று உண்டு. அதை 80க்கு வையுங்கள், மட்ச் கிடைக்கவே இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிங் 60இல் நிலையாக நிற்பது, 40க்கும் 120க்கும் இடையில் குதிப்பதைவிட எவ்வளவோ மேல். 4ஜி ரவுட்டரில் அந்தக் குதிப்பை முழுதாக நிறுத்த முடியாது. ஃபைபர் இருந்தும் குதித்தால் வைஃபையை விட்டு லான் கேபிள் இழுங்கள், பிறகும் குதித்தால் வீட்டில் யாரோ வீடியோ ஏற்றுகிறார்கள்.

டேட்டா அளவு குறைந்த பக்கேஜ் என்றால் சிஎஸ் 2ஐ முழுக்க டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. கூட்டாளி ஒருவரின் ஸ்டீமில் (வால்வின் கேம் கடைச் செயலி) கொமன் ஃபோல்டருக்குள் கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ் என்று பழைய பெயரிலேயே அது கிடக்கும். அதை எக்ஸ்டேர்னல் டிரைவில் கொண்டுவந்து உங்கள் கொமன் ஃபோல்டரில் போட்டுவிட்டு இன்ஸ்டோல் அழுத்துங்கள். இருப்பதைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும்.

சிஎஸ் 2க்கு இன்னொரு பெரிய பலம், சேர்வரை நீங்களே போடலாம். ஸ்டீம்சிஎம்டி என்ற ஸ்டீமின் கட்டளைக் கருவியில் 730 என்ற இலக்கத்தை (சிஎஸ் 2இன் அடையாள எண்) இறக்கி ஒரு கணினியை அதற்கென்றே விட்டால், ஒரு சுவிட்ச்சோடு பத்துப் பேர் ஒரே அறையில் விளையாடலாம், பிங் ஒன்றிரண்டுதான். வாலரன்ட்டில் அது நடக்காது. எல்லாம் ரயட்டின் சேர்வர்.

மற்றவற்றைச் சுருக்கமாக: ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் பழைய சோர்ஸை மாற்றிக் கட்டியது, அதனால் சிஎஸ் கை அதில் சீக்கிரம் பழகும். பட்டில்ஃபீல்ட் 6 ஃப்ரொஸ்ட்பைட் எஞ்சின், கட்டடம் இடிவதெல்லாம் அருமை, ஆனால் 16 ஜிபி ராமும் தனிக் கார்டும் இல்லாமல் கிட்டப் போக வேண்டாம்.

என் தெரிவு: இன்றைக்கு வாலரன்ட் போடுங்கள், ராம் வந்ததும் சிஎஸ் 2உம் போடுங்கள். மாறும்போது குறி தவறாமல் இருக்க ஒரு கணக்கு. மவுஸ் ஒரு எண்ணிக்கை நகர்ந்தால் சிஎஸ் 2 திரும்புவது 0.022 பாகை, குவேக்கில் இருந்த அதே எண், வாலரன்ட் 0.07 பாகை. ஆகவே வாலரன்ட் சென்சிடிவிட்டியை 3.18ஆல் பெருக்கினால் சிஎஸ் 2 எண் வரும். வாலரன்ட்டில் 0.4 என்றால் சிஎஸ் 2இல் 1.27. டிபிஐயை (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அனுப்பும் எண்ணிக்கை) இரண்டிலும் 800 ஆகவே விடுங்கள், ஒன்றில் மட்டும் மாற்றினால் இந்தக் கணக்குப் பிழையாகிவிடும்.